பிணக்கைக் கையாளப் பழக்கும் ஆட்டங்கள்: எதை எடுக்கலாம், எதை ஒதுக்கலாம்

பிணக்கைத் தீர்ப்பது எப்படி என்று பாடம் நடத்தினால் கேட்பவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். பொறுமையாகக் கேட்க வேண்டும், எதிரில் இருப்பவரின் தேவையைப் பார்க்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது. இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து கிடையாது. ஆனால் கோபம் ஏறும் அந்த அரை நிமிடத்தில் இவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை. அந்த அரை நிமிடத்தை வேண்டுமென்றே வரவழைத்து, பிறகு அதை மேசைமேல் வைத்து எல்லோரும் சேர்ந்து பார்க்க வைப்பதுதான் ஆட்டங்களின் பயன்.

இந்த நோக்கத்துக்காகப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் ஆட்டங்கள் நிறைய. எல்லாம் ஒரே தரம் அல்ல. இங்கே மூன்று உரைகல் வைத்து மதிப்பிட்டிருக்கிறோம். ஒன்று, ஆட்டத்தில் எழும் சச்சரவு உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் ஒரு மணி நேரத்தில் ஆறக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு, யார் எந்த நேரத்தில் என்ன செய்தார் என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய தடயம் மிஞ்ச வேண்டும். புள்ளித்தாள், துண்டுகள், சீட்டுகள் எதுவானாலும் சரி. மூன்று, வேறு விதமாக நடந்திருந்தால் முடிவும் வேறாகியிருக்கும் என்று கணக்கோடு காட்ட முடிய வேண்டும். இந்த மூன்றும் இல்லாதது பொழுதுபோக்கு. அதிலும் தவறில்லை, ஆனால் பயிற்சி என்று சொல்லி விற்கக் கூடாது.

முடிந்த அளவு வெல்லுங்கள்

பெரியவர்கள் கூடும் குழுவுக்கு முதல் மதிப்பெண் இதற்குத்தான். இதன் வேர் கைதிகளின் இக்கட்டு என்ற புதிர்: ஒத்துழைப்பதா, தன் நலத்தை மட்டும் பார்ப்பதா என்று இருவரும் மற்றவர் முடிவு தெரியாமலே தீர்மானிக்க வேண்டிய நிலை. 1950-ல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃப்ளட், மெல்வின் டிரெஷர் இருவரும் அதை உருவாக்கினார்கள். கைதிகளின் கதையைச் சேர்த்துப் பெயர் வைத்தவர் ஆல்பர்ட் டக்கர் என்ற கணித அறிஞர். அங்கே இருவருக்கு இடையே இருந்த இக்கட்டு இங்கே நான்கு அணிகளுக்கு இடையே விரிகிறது.

அணிக்கு 2 பேர், நான்கு அணிகள், மொத்தம் 8 பேர். 10 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு அணியும் எக்ஸ் அல்லது ஒய் என்ற எழுத்தை மறைவாக எழுதி, சொன்னதும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். நான்கு அணியும் எக்ஸ் காட்டினால் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி நஷ்டம். மூன்று எக்ஸ், ஒரு ஒய் என்றால் எக்ஸ் அணிகளுக்குத் தலா 1 வரவு, ஒய் அணிக்கு 3 நஷ்டம். இரண்டுக்கு இரண்டு என்றால் எக்ஸுக்குத் தலா 2 வரவு, ஒய்க்குத் தலா 2 நஷ்டம். ஒரே ஓர் எக்ஸ் என்றால் அதற்கு 3 வரவு, மற்ற மூன்றுக்கும் தலா 1 நஷ்டம். நான்கும் ஒய் என்றால் எல்லோருக்கும் தலா 1 வரவு. 5, 8, 10 ஆகிய சுற்றுகளில் புள்ளிகள் முறையே 3, 5, 10 மடங்கு. அந்த மூன்று சுற்றுகளுக்கு முன்பு மட்டும் நான்கு அணிகளும் 3 நிமிடம் கூடிப் பேசலாம். மற்றபடி தன் இணையோடு மட்டுமே பேச்சு, அதற்கு ஒரு நிமிடம்.

இந்த அட்டவணையைக் கூட்டிப் பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும். எக்ஸும் ஒய்யும் கலந்து விழுந்த எந்தச் சுற்றிலும் நான்கு அணிகளின் கூட்டுத்தொகை பூஜ்யம். அதாவது ஒருவர் சம்பாதித்தது முழுக்க மற்றவர் கையிலிருந்து பிடுங்கியது. புதிதாகப் புள்ளி பிறப்பது நான்கு அணியும் ஒய் காட்டும்போது மட்டும்தான். 10 சுற்றிலும் அப்படிச் செய்தால் அணிக்கு 25, குழுவுக்கு 100. எல்லோரும் கடைசிவரை எக்ஸ் காட்டினால் குழுவுக்கு 100 நஷ்டம். எந்தக் குழுவின் புள்ளித்தாளும் இந்த இரண்டு எல்லைக்குள்தான் நிற்கும். ஆட்டம் முடிந்ததும் பலகையில் எழுத வேண்டிய ஒரே கணக்கு இது: 100 கிடைத்திருக்கலாம், நமக்குக் கிடைத்தது இவ்வளவு.

தமிழில் நடத்தும்போது இந்த ஆட்டத்துக்குக் கூடுதலாக ஒரு கூர்மை கிடைக்கிறது. ‘வெல்லுங்கள்’ என்பது ஒருவரை மரியாதையாகச் சொல்வதும் ஆகும், பலரைச் சேர்த்துச் சொல்வதும் ஆகும். யார் வெல்ல வேண்டும், அணியா, முழுக் குழுவா? சொல்லில் விடை இல்லை. பெரும்பாலோர் கேட்காமலே தன் அணி என்று எடுத்துக்கொள்வார்கள். யாராவது கேட்டால் நடத்துபவர் விளக்கம் சொல்லக் கூடாது. ‘முடிந்த அளவு வெல்லுங்கள், அவ்வளவுதான் விதி’ என்று திரும்பச் சொல்வதே சரியான பதில். இந்தக் கட்டுப்பாட்டை மீறி விளக்கிவிடுவதுதான் புதிதாக நடத்துபவர்கள் செய்யும் முதல் தவறு. ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இன்னொரு வசதியும் நம் மொழியில் இருக்கிறது. எதிரில் இருப்பவரை விலக்கிச் சொல்லும் ‘நாங்கள்’, அவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’. 8 பேருக்கு ஒருவர் என்று பார்வையாளரை உட்கார வைத்து, அவர் தாளில் இரண்டே பத்திகள் போட்டு, கூடிப் பேசும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு சொற்களும் எத்தனை தடவை வருகின்றன என்று கோடு போடச் சொல்லுங்கள். ‘நாங்கள் ஒய்தான் போட்டோம், நீங்கள்தான் ஏமாற்றினீர்கள்’ என்று தொடங்கும் பேச்சு எந்த இடத்தில் ‘நாம் என்ன செய்யலாம்’ என்று திரும்புகிறது, திரும்பவே இல்லையா என்பது புள்ளித்தாளைவிட அதிகம் சொல்லும். பிணக்கு தீர்க்கும் திறன் என்று நாம் தேடுவதே அந்தத் திருப்பத்தைத் தெரிந்து செய்வதுதான். கீழே வரும் ஆட்டங்களையும் இதே கண்ணோடுதான் பார்த்திருக்கிறோம்.

கெட்டுப்போகும் இடங்கள் சில. ‘இப்போது ஒரு போட்டி’ என்று அறிவித்துத் தொடங்காதீர்கள். 2004-ல் லிபர்மன், சாமுவெல்ஸ், ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில் ஒரே ஆட்டத்தை, விதியில் ஒரு புள்ளிகூட மாற்றாமல், சிலருக்கு வால் ஸ்ட்ரீட் (அமெரிக்கப் பங்குச்சந்தைத் தெரு) ஆட்டம் என்றும் சிலருக்குச் சமூக ஆட்டம் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் பெயரைக் கேட்டவர்களில் ஒத்துழைத்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் பெயரைக் கேட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. நடத்துபவரின் வாயிலிருந்து வரும் ஒற்றைச் சொல்லுக்கு அத்தனை எடை. அதனால் ‘ஒரு பயிற்சி’ என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். புள்ளிகளை எல்லோரும் பார்க்கும்படி பெரிய தாளில் எழுதுங்கள். சின்னத் தாளில் எழுதினால் தன் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். ஏற்கெனவே ஆடியவர் இருந்தால் அவரைப் பார்வையாளர் ஆக்குங்கள். உண்மைப் பணம் வைத்து ஆடவே கூடாது.

மிக முக்கியமானது 10-வது சுற்று. ‘எல்லோரும் ஒய்’ என்று கைகொடுத்துவிட்டு ஓர் அணி எக்ஸ் காட்டினால் அதற்கு 30 வரவு, மற்ற மூன்றுக்கும் தலா 10 நஷ்டம். அதன் பிறகு வரும் கோபம் நிஜமானது. ஆடி முடித்தபின் நடந்ததைச் சேர்ந்து பேசும் அலசலுக்குக் குறைந்தது 40 நிமிடம் ஒதுக்காமல் இந்த ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். ‘ஏன் ஏமாற்றினீர்கள்’ என்ற கேள்விக்குச் சமாதானம்தான் பதிலாக வரும். ‘எழுத்தைத் தீர்மானிக்கும் முன் நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டீர்கள்’ என்று கேட்டால் பெரும்பாலும் பயம் வெளியே வரும்: ‘அவர்கள் ஏமாற்றுவார்கள் என்று நினைத்தோம், அதற்கு முன் நாங்கள் முந்திக்கொண்டோம்.’ பிணக்குகளில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன என்பதை அந்த அறையில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

பார்ங்கா

சிவசைலம் தியாகராஜன், பயிற்சித் துறையில் ‘தியாகி’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுபவர், 1980-ல் லைபீரியாவில் பணியாற்றியபோது உருவாக்கிய சீட்டாட்டம் இது. பண்பாட்டு வேறுபாடுகளை உணர்த்தத்தான் அதிகம் பயன்படுகிறது. ஆனால் தனிமனிதப் பிணக்குக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அரிது என்பது எங்கள் துணிபு. இரண்டு பேரும் நேர்மையாகவே நடந்துகொண்டு, இரண்டு பேரும் மற்றவரை ஏமாற்றுக்காரர் என்று நம்பும் நிலையை இவ்வளவு துல்லியமாக உண்டாக்கும் ஆட்டம் வேறு கண்ணில் படவில்லை.

மேசைக்கு 4 முதல் 6 பேர். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சீட்டுக்கட்டு, அதில் ஏஸ் முதல் 7 வரை உள்ள 28 சீட்டுகள் மட்டும். நான்கு பேர் என்றால் ஆளுக்கு 7. ஒருவர் ஒரு சீட்டைப் போட, மற்றவர்கள் அதே இனத்தில் போட வேண்டும். பெரிய சீட்டைப் போட்டவர் விழுந்த சீட்டுகளை அள்ளிக்கொள்வார், அதுதான் பிடி. மேசைமேல் விதித்தாள் இருக்கும். ஐந்து நிமிடம் படித்து, பேசிக்கொண்டே ஆடிப் பழகலாம். பிறகு விதித்தாள் எடுக்கப்படும், அதோடு பேச்சும் நிற்கும். சைகை செய்யலாம், படம் வரையலாம், சொல் மட்டும் கூடாது. சுற்று முடிந்ததும் அதிகப் பிடி பிடித்தவர் அடுத்த மேசைக்கு ஒரு படி மேலே போவார், குறைவாகப் பிடித்தவர் ஒரு படி கீழே.

யாருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. மேசைக்கு மேசை விதி கொஞ்சம் வேறு. ஒரு மேசையில் ஏஸ் எல்லாவற்றிலும் பெரியது, அடுத்ததில் எல்லாவற்றிலும் சிறியது. ஒன்றில் துருப்பே (மற்ற இனங்களை வெட்டும் இனம்) கிடையாது, இன்னொன்றில் டைமன் துருப்பு, மற்றொன்றில் இஸ்பேடு. இடம் மாறி வந்தவர் தன் விதிப்படி பிடியை அள்ளக் கை நீட்டுவார், அந்த மேசைக்காரர் அவர் கையைத் தட்டிவிடுவார். பேசவும் வழியில்லை. மேசையைத் தட்டுவது, சீட்டை வேகமாக வீசுவது, தோளைக் குலுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வது, சிரித்து மழுப்புவது, அடுத்தவர் சொல்வதற்கு அப்படியே பணிந்துவிடுவது எல்லாம் இரண்டாம் சுற்றுக்குள் வந்துவிடும்.

தாமஸ், கில்மன் இருவரும் 1974-ல் வெளியிட்ட கேள்வித்தாள், மனிதர் பிணக்கை எதிர்கொள்ளும் விதங்களை ஐந்தாகப் பிரிக்கிறது: முட்டி மோதுவது, சேர்ந்து தீர்வு தேடுவது, பாதிக்குப் பாதி சமரசம், ஒதுங்கிவிடுவது, விட்டுக்கொடுத்துவிடுவது. 30 இணை வாக்கியங்களில் ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் தன் பழக்கம் எது என்று அது காட்டும். ஆனால் அது நம்மைப் பற்றி நாமே சொல்வது. பார்ங்காவில் அந்த ஐந்தையும் நேரில் பார்க்கலாம். கேள்வித்தாளை முதல் நாளே நிரப்பி உறையில் வைத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் பிரிக்கச் சொன்னால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியே பெரிய பாடமாக இருக்கும்.

குறைகளும் உண்டு. 12 பேருக்குக் குறைவாக நடத்தினால் மேசைகள் போதாது, இடமாற்றம் சுவைக்காது. சீட்டாட்டமே தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் அவர் குழப்பம் விதி மாற்றத்தால் வந்ததா, ஆட்டம் புரியாததால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அவருக்கு மட்டும் முன்கூட்டியே பிடி பிடிப்பதைச் சொல்லிக்கொடுங்கள். விதித்தாள்களை ஒரே அச்சில், ஒரே நீளத்தில் தயாரிக்க வேண்டும். ஒரு தாளில் ஒரு வரி அதிகம் இருந்தால் கூர்மையானவர் கண்டுபிடித்துவிடுவார். உண்மை உடைந்தபின் இந்த ஆட்டத்தை அதே ஆட்களோடு மறுபடி ஆட முடியாது. வாழ்நாளில் ஒரே தடவை வேலை செய்யும் கருவி என்பதால் சரியான நாளுக்காகக் காத்திருந்து பயன்படுத்த வேண்டியது.

அலசலில் கேட்க வேண்டிய கேள்வி: ‘விதி வேறாக இருக்கலாம் என்ற எண்ணம் உங்களுக்கு எப்போது வந்தது? வந்த பிறகு என்ன செய்தீர்கள்?’ சிலருக்கு வந்தே இருக்காது. சிலர் கண்டுபிடித்தும், தான் வெல்லும்வரை சும்மா இருந்திருப்பார்கள். இந்த இரண்டாம் வகையினரைக் குற்றம் சொல்லாமல் பேச வைப்பது நடத்துபவரின் திறமை.

உடைந்த சதுரங்கள்

அலெக்ஸ் பாவெலாஸ் உருவாக்கிய இந்தப் பயிற்சிக்கு எதையும் வாங்க வேண்டாம். தடித்த அட்டையும் கூரான கத்தியும் போதும். 15 செ.மீ. பக்கம் உள்ள ஐந்து சதுரங்களை மொத்தம் 15 துண்டுகளாக வெட்டி, ஐந்து உறைகளில் 3, 4, 2, 2, 4 என்று போட்டு, ஐந்து பேரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு முழுச் சதுரம் உருவானால் ஆட்டம் முடிந்தது. பேசக் கூடாது, சைகை கூடாது, கேட்கக் கூடாது, எடுக்கக் கூடாது. தன் துண்டை அடுத்தவருக்குக் கொடுக்க மட்டும் அனுமதி.

பொறி துண்டுகளின் அளவில் இருக்கிறது. சில துண்டுகள் அச்சு அசலாக ஒரே அளவு. அதனால் ஒன்றிரண்டு சதுரங்களைப் பல விதமாக அமைக்கலாம், ஆனால் ஐந்தும் சேர்ந்து அமைய ஒரே ஒரு வழிதான். யாரோ ஒருவர் தவறான சேர்க்கையில் தன் சதுரத்தை முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் வேலை முடிந்தது. மற்ற நால்வரும் தவிப்பார்கள். முடித்த சதுரத்தை அவர் தானே உடைத்துக் கொடுக்காதவரை ஆட்டம் நகராது. இந்த ஒரு காட்சிக்காகவே இந்த ஆட்டத்தைச் சிபாரிசு செய்யலாம்.

வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் விளிம்பு பார்த்தே பொருத்தம் தெரிந்துவிடும், அதனால் எல்லாத் துண்டுகளையும் ஒரே அட்டையில், இரும்பு அளவுகோல் வைத்து வெட்டுங்கள். ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் சொரசொரப்பும் உள்ள அட்டை ஆகாது, திருப்பிப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். துண்டுகளின் ஓரத்தில் உறையின் எண்ணை மெல்லிய பென்சிலால் எழுதிவைத்தால் திரும்ப அடுக்கும் வேலை எளிது. 20 முதல் 30 நிமிடம் போதும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் தேர்வு. வெற்றி தோல்வி இல்லாததால் காயம் குறைவு.

ஆரஞ்சுப் பேரம்

ராபர்ட் ஹவுஸ் எழுதிய உக்லி ஆரஞ்சு என்ற பேரப் பயிற்சியைப் பேச்சுவார்த்தை வகுப்புகளில் நிறையப் பார்க்கலாம். இரண்டு பேருக்கு இரண்டு குறிப்புத் தாள். இருவருக்கும் அதே பழம் முழுவதும் அவசரமாக வேண்டும். ஒருவருக்குத் தேவை சாறு, மற்றவருக்குத் தேவை தோல். ‘உங்களுக்கு அது எதற்கு’ என்று ஒருவராவது கேட்டால் இரண்டு பேருக்கும் முழுதாகக் கிடைக்கும். கேட்காதவர்கள் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, நியாயமாக முடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு எழுந்து வருவார்கள்.

படிக்க 5 நிமிடம், பேச 10 நிமிடம். கேட்பது வேறு, தேவைப்படுவது வேறு என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்ட வேறு ஆட்டம் இல்லை. ஆனால் எங்கள் மதிப்பெண் நடுத்தரம்தான். வாழ்க்கையில் இரண்டு பேரின் தேவை இப்படிச் சாறும் தோலுமாக ஒட்டாமல் பிரிவது அபூர்வம். இந்த ஆட்டத்தை மட்டும் ஆடிவிட்டுப் போகிறவர், எந்தத் தகராறிலும் ஒளிந்திருக்கும் அற்புதத் தீர்வு ஒன்று உண்டு என்று நம்பிவிடுவார். அது கிடைக்காதபோது எதிராளிமேல் எரிச்சல் வரும். இதை நடத்தினால், கையோடு உண்மையிலேயே இழப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய ஒரு பேரத்தையும் நடத்துங்கள். உதாரணமாக 10 மணி நேர வேலை, இரண்டு பேரும் விரும்பாதது, எப்படிப் பிரிப்பது.

திரையில் ஆடுவது

நிக்கி கேஸ் 2017-ல் வெளியிட்ட தி எவல்யூஷன் ஆஃப் டிரஸ்ட் இலவசம், உலாவியில் திறந்து அரை மணியில் முடிக்கலாம். இரண்டு பேர் எந்திரத்தில் காசு போடுவதா வேண்டாமா என்பதே ஆட்டம். இருவரும் போட்டால் தலா 2, ஒருவர் மட்டும் போட்டால் அவருக்கு 1 நஷ்டம், போடாதவருக்கு 3. எதிராளி செய்ததைத் திருப்பிச் செய்பவர், எப்போதும் ஏமாற்றுபவர், ஒரு தடவை ஏமாந்ததும் கடைசிவரை மன்னிக்காதவர் என்று பல குணங்களோடு மோத வேண்டும். ராபர்ட் ஆக்ஸல்ராட் 1980-களின் தொடக்கத்தில் நடத்திய கணினிப் போட்டியில் அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய பதிலுக்குப் பதில் என்ற எளிய நிரல் வென்றதுதான் இதன் அடிப்படை.

தனியாகப் படிப்பவருக்கு மிக நல்ல முதல் படி. குறிப்பாகத் தவறுதல் நடக்கக்கூடும் என்ற பகுதியை நிதானமாக ஆடிப் பாருங்கள். கை தவறிக் காசு போடாமல் விட்டாலும் பதிலுக்குப் பதில் செய்யும் இருவர் முடிவில்லாமல் பழிவாங்கிக்கொண்டே இருப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை ஏமாற்றினால்தான் திருப்பி அடிப்பவர் அந்தச் சுழலிலிருந்து தப்பிவிடுகிறார். பொறுமைக்கு இதைவிடத் தெளிவான கணக்கு விளக்கம் கிடையாது. ஆனால் திரைக்கு முகம் இல்லை. கோபம் வராது, அவமானம் வராது. அதனால் இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் மனிதர்களோடு எக்ஸ், ஒய் ஆடுவது சரியான சேர்க்கை.

கடைப் பெட்டிகள்

பெட்டியில் விற்கும் பலகை ஆட்டங்களில் இந்த வேலைக்கு உதவுபவை ஒன்றிரண்டுதான். ஹனாபி நல்லது. 50 சீட்டு, 2 முதல் 5 பேர். உங்கள் சீட்டு மற்றவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. துப்பு வில்லைகள் 8, தவறுக்கு 3 வாய்ப்பு. துப்பு என்பது ஒரு நிறம் அல்லது ஓர் எண், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. சொன்னவர் நினைத்தது ஒன்று, கேட்டவர் எடுத்துக்கொண்டது வேறொன்று என்பது சீட்டு விழும்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு தவறான சீட்டுக்கும் ஆட்டத்தை நிறுத்தி, இருவரும் தாங்கள் நினைத்ததை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு விதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் பெருமூச்சு விடுவதும் முகம் சுளிப்பதும் விதிமீறல். அதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தின் உயிரே போய்விடும்.

பேண்டமிக் ஒன்றுபட்டு ஆடுவது. 2 முதல் 4 பேர், ஆளுக்கு முறைக்கு 4 செயல், முக்கால் மணி நேரம். கூட்டுறவு கற்கச் சிறந்தது என்று பலர் சிபாரிசு செய்கிறார்கள். அப்படியே ஆடினால் நடப்பது வேறு: நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் நால்வருக்கும் சேர்த்து ஆடுவார், மற்ற மூவரும் காயை நகர்த்தும் கை மட்டுமே. சண்டை வராது, ஏனென்றால் மூவரும் மௌனமாக ஒதுங்கியிருப்பார்கள். முறை வந்தவர்தான் முதலில் தன் திட்டத்தைச் சொல்ல வேண்டும், அதற்குமுன் யாரும் வாய் திறக்கக் கூடாது, கடைசி முடிவும் அவருடையதே என்று கட்டுப்படுத்திவிட்டால் உண்மையான கருத்து வேறுபாடு மேலே வரும். அப்போதுதான் அது பயிற்சி.

ஆலன் கல்ஹாமர் உருவாக்கி 1959-ல் வெளிவந்த டிப்ளமசி பற்றியும் கேட்கிறார்கள். 7 பேர், பல மணி நேரம், வாக்குக் கொடுப்பதும் முறிப்பதுமே ஆட்டம். ஆட்டமாக அருமை. பிணக்கு கற்பிக்க எடுக்காதீர்கள். நான்காவது மணியில் நேரும் நம்பிக்கைத் துரோகத்தை அலச யாருக்கும் தெம்பு இருக்காது, வீட்டுக்கு அப்படியே சுமந்துகொண்டு போவார்கள்.

கையால் செய்துகொள்ளக்கூடிய ஒன்றையும் சேர்க்க வேண்டும். மார்ட்டன் டாய்ச், ராபர்ட் க்ராஸ் இருவரும் 1960-ல் வெளியிட்ட லாரி ஆட்டச் சோதனையில் இரண்டு நிறுவனங்களின் லாரிகளுக்குக் குறுக்குவழி ஒன்று, அதில் ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் போக முடியும். தாமதமாகும் ஒவ்வொரு நொடிக்கும் வருமானம் குறையும். எதிரியை மறிக்கும் கதவு யாரிடமும் இல்லாதபோது இருவரும் லாபம் பார்த்தார்கள். ஒருவரிடம் கதவு இருந்தபோது இருவரும் நஷ்டப்பட்டார்கள். இருவரிடமும் இருந்தபோது நஷ்டம் இன்னும் பெரிது. ஒரு பெரிய தாள், இரண்டு பொம்மை வண்டி, ஒரு நொடிக்கடிகாரம் இருந்தால் இதை மேசையில் அமைக்கலாம். முதல் 5 ஓட்டம் கதவில்லாமல், அடுத்த 5 கதவோடு. மிரட்டும் வசதி கையில் இருந்தாலே அதைப் பயன்படுத்தத் தோன்றும் என்பது பார்ப்பவருக்குச் சொல்லாமலே புரியும்.

அலசல்

எந்த ஆட்டத்தை எடுத்தாலும் கடைசியில் அதன் மதிப்பு அலசலில் இருக்கிறது. தியாகராஜன் வகுத்த ஆறு கேள்விகளின் வரிசை இன்றும் அசைக்க முடியாதது: என்ன உணர்கிறீர்கள், என்ன நடந்தது, என்ன கற்றீர்கள், இது வெளி வாழ்க்கையோடு எப்படி ஒட்டுகிறது, இப்படி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், அடுத்து என்ன செய்வீர்கள். வரிசையை மாற்றாதீர்கள். உணர்வைக் கொட்டாமல் நேரே ‘என்ன கற்றீர்கள்’ என்று போனால் வாயளவு பதில்தான் வரும். உணர்வு முடிந்து ‘என்ன நடந்தது’ என்ற கட்டத்தில் கணிசமாக நேரம் செலவிடுங்கள், ஒரே சுற்றை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள், அதை அப்படியே பலகையில் எழுதுங்கள். ஆட்டத்துக்கு ஆன நேரத்துக்குக் குறையாமல் அலசலுக்கு நேரம் வேண்டும். நேரம் போதாவிட்டால் ஆட்டத்தின் சுற்றுகளைக் குறையுங்கள், அலசலைக் குறைக்காதீர்கள்.

வேடம் ஏற்று நடிக்கும் பயிற்சி என்றால் அலசலுக்கு முன் வேடத்தைக் கழற்றும் ஒரு நிமிடம் அவசியம். எழுந்து, நாற்காலி மாறி உட்கார்ந்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, ‘நான் அந்தப் பாத்திரம் அல்ல’ என்று ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். இதைத் தவிர்த்த குழுக்களில் பாத்திரத்தின் மேல் வந்த கோபம் ஆளின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஆறாவது கேள்விக்கு வாய்மொழிப் பதில் வாங்காதீர்கள். ஒவ்வொருவரும் தனக்கு உள்ள ஒரு நிஜப் பிணக்கை எழுத வேண்டும். கடுமையை 1 முதல் 10 வரை அளந்தால் 3-க்கு மேல் போகாதது. அதில் அடுத்த ஏழு நாளுக்குள் சொல்லப்போகும் முதல் வாக்கியம், அதுவும் தான் பேசும் தமிழிலேயே, எழுத்து நடையில் அல்ல. தாளை மடித்துத் தானே வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

இந்த ஆட்டங்கள் ஆகாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் மற்றவரை அடிக்கிறார், மிரட்டுகிறார், தொடர்ந்து அவமதிக்கிறார் என்றால் அது இருவருக்கு இடையிலான பிணக்கு அல்ல, அங்கே ஆட்டம் போட்டுப் பொதுமைப்படுத்துவது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநீதி. மேலதிகாரியும் அவரோடு அப்போது தகராறில் இருக்கும் ஊழியரும் ஒரே மேசையில் எக்ஸ், ஒய் ஆடக் கூடாது. ஊழியர் விட்டுக்கொடுத்தே ஆடுவார், பார்ப்பவர்கள் அதை ஒத்துழைப்பு என்று எண்ணிவிடுவார்கள். யாரும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிப் பார்வையாளர் ஆகலாம் என்பதைத் தொடங்கும் முன்பே சத்தமாகச் சொல்லுங்கள்.

புதிய குழுவுக்கு எதில் தொடங்குவது என்றால், முதல் அமர்வில் உடைந்த சதுரங்கள். இரண்டு வாரம் கழித்து ஆரஞ்சுப் பேரமும் இழப்பைப் பகிரும் பேரமும் ஒன்றாக. எக்ஸ், ஒய் மூன்றாவது அமர்வுக்கு, அதற்குள் ஒருவரை ஒருவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளப் பழகியிருப்பார்கள். பார்ங்காவைக் கடைசிக்கு வையுங்கள். விதித்தாள்களை மூடிய உறையில், மேசை எண் போட்டு, முந்தின நாளே அடுக்கிவைக்க வேண்டும். இரண்டு மேசைக்குத் தவறி ஒரே விதி போய்விட்டால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும், நடுவில் சரிசெய்யவும் வழி இல்லை.